ஷூவில் ஒட்டிய மண் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

சென்ற மாதம் குடும்பத்துடன் ஹவாய் போயிருந்தோம். பெரிய தீவில் ஹீலோவிலிருந்து கோனாவுக்குத் திரும்பும் வழியில், நெடுஞ்சாலை ஓரத்தில் மனுக்கா என்று ஒரு சின்னப் பூங்கா. மரத்தோட்டம் என்று கேள்விப்பட்டு இறங்கினோம். ஒரு கூரைக் கொட்டகை, கழிப்பறை, மரங்கள். குடிக்கத் தண்ணீர்கூட இல்லை. உள்ளூர் மரம், வெளியூர் மரம் எல்லாம் கலந்து கிடக்கிறது. வெளியூர் மரங்களை வெட்டிவிட்டு இயற்கையாக விடக்கூடாதா? லெஹுவா பூவைப் பறித்தால் மழை வரும் என்கிறார்களே, இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்கிறாள். முந்தின நாள் ஹீலோ பக்கம் ஒரு காட்டுப் பாதை வாசலில் ஷூவைத் தேய்க்கப் பிரஷ்ஷும் ஏதோ மருந்தும் வைத்திருந்தார்கள். நேரமில்லாததால் அப்படியே போய்விட்டோம். இவ்வளவு கெடுபிடி தேவையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தத் தீவுக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் தீக்குழம்பைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நீங்கள் மனுக்காவில் வண்டியை நிறுத்தியிருக்கிறீர்கள், அதுவே எனக்குச் சந்தோஷம். அங்கிருக்கும் மரங்களைப் பற்றித்தான் சில வாரங்களாக நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீர் இல்லை என்றால் கையில் எடுத்துப் போங்கள். மழைக் கதை தீ தெய்வம் பெலேயைப் பற்றியது. அவள் ஆசைப்பட்ட ஓஹியா என்ற இளைஞன் லெஹுவாவைக் காதலித்தான். கோபத்தில் அவனை மரமாக்கினாள். மற்ற தெய்வங்கள் இரங்கி லெஹுவாவை அந்த மரத்தின் பூவாக்கின. பூவைப் பறித்தால் பிரிந்தவர்களின் கண்ணீர் மழையாக வரும். மழை வருகிறதோ இல்லையோ, பறித்த இடத்தில் மரத்துக்குக் காயம் படும். மகளிடம் அதைச் சொல்லுங்கள். ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

வெட்டிவிடலாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த 8 ஏக்கர் தோட்டத்தில் 1930களின் நடுவிலிருந்து 1950கள் வரை நட்டிருக்கிறார்கள். உள்ளூர் இனங்கள் 48, வெளியிலிருந்து வந்தவை 150க்கு மேல். உள்ளூர்க் காடு அழிந்துகொண்டிருக்கிறது, வெளிநாட்டு மரங்களால்தான் மலையில் தண்ணீரைக் காக்க முடியும் என்று நம்பிய தாவரவியலாளர்கள் அந்தக் காலத்தில் ஹவாயில் இருந்தார்கள். அத்தி மரங்கள் விதை வைத்துப் பரவ வேண்டும் என்று அவற்றின் மகரந்தத்தைச் சேர்க்கும் குளவிகளைக்கூட 1920களில் இறக்குமதி செய்தார்கள். அது தப்பான கணக்கு. ஆனால் நட்ட இடத்தில் நிற்கும் மரம் வேறு, ஸ்ட்ராபெரி கொய்யா மாதிரி காட்டுக்குள் புகுந்து கீழே எதையும் முளைக்க விடாமல் அடைத்துக்கொள்ளும் மரம் வேறு. குக்குய் மரம்கூட பாலினேசியர்கள் படகில் கொண்டுவந்ததுதான். அதையும் வெட்டுவீர்களா?

சரி, அந்தப் பிரஷ்ஷுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

ஓஹியா சாதாரண மரம் இல்லை. எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கரும்பாறையில், ஒரு பிடி மண்கூட இல்லாத விரிசலில், முதலில் வந்து வேர்விடும் மரங்களில் ஒன்று அது. எரிமலைப் புகை அடித்தால் இலைத்துளைகளை மூடிக்கொண்டு தாக்குப்பிடிக்கும். அபாபனே, இஇவி என்ற சிவப்புக் குருவிகள் அதன் தேனைக் குடித்து வாழ்கின்றன. ஹவாயின் உள்ளூர்க் காடு என்பதே பெரும்பாலும் ஓஹியாதான். 2010 வாக்கில் ஹீலோவுக்குப் பக்கத்தில் உள்ள பூனா பகுதியில் இந்த மரங்கள் கூட்டமாகக் காயத் தொடங்கின. காரணம் ஒரு பூஞ்சை என்று 2014இல் கண்டுபிடித்தார்கள். இதுவரை பத்து லட்சத்துக்கு மேல் மரங்கள் போய்விட்டன. மருந்து கிடையாது. கிளை ஒடிந்த இடம், பன்றி பட்டையை உரித்த இடம், ஏதாவது ஒரு காயம் போதும். பூஞ்சை உள்ளே போய் நீர் ஏறும் பாதையை அடைத்துவிடும். வண்டு துளைத்துத் தள்ளும் மரத்தூளில் அது இருக்கும், காற்றில் போகும். டயரில் ஒட்டிய சேற்றில் போகும். ஷூவின் அடியில் போகும்.

அந்தத் தீவில் எனக்கு வழிகாட்டியவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. எல்லோரும் ஆன்ட்டி என்றே கூப்பிடுவார்கள். நடக்கத் தொடங்கும் முன் என் ஷூவைக் கழற்றச் சொல்லி வாங்கி, தலைகீழாகப் பிடித்து, அடியில் பள்ளம் பள்ளமாக அடைந்திருந்த மண்ணைக் குச்சியால் நோண்டினார். அப்புறம் பிரஷ். அப்புறம் 70 சதவீத ஆல்கஹால், அடிப்பாகம் சொட்டச் சொட்ட. நானே செய்கிறேன் என்று கையை நீட்டினால் தட்டிவிட்டார். அவர் வீட்டு வாசலில் நின்ற ஓஹியா சில வாரங்களில் காய்ந்துபோயிருந்தது. இலை உதிரவில்லை, அத்தனையும் பழுப்பாகித் தொங்கியதாம். வெட்டிய கட்டையை எனக்குக் காட்டினார். வெளிப்பக்கத்து மரத்தில் கறுத்த கோடுகள், சக்கரத்தின் ஆரங்கள் போல. விறகுக்குக்கூட வெளியே போகக் கூடாது என்று தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்.

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? நோய் பரவிய ஹீலோ பக்கத்துச் சேற்றை மிதித்துவிட்டு, துடைக்காத அதே ஷூவுடன் மனுக்காவில் இறங்கியிருக்கிறீர்கள். அந்தச் சின்னப் பூங்காவைச் சுற்றி 25,000 ஏக்கருக்கு மேல் பாதுகாக்கப்பட்ட காடு, மலையிலிருந்து கடல் வரை. இரண்டு நிமிடம் இல்லையா உங்களிடம்? கோனாவில் காபி குடிக்க நேரம் இருந்திருக்கும் அல்லவா? கோபமாகத்தான் எழுதுகிறேன். பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போகிற அப்பா நீங்கள், உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

கவாய், மௌயி, ஓஆஹூ தீவுகளிலும் அந்த நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த ஷூக்கள் இன்னும் வீட்டில் இருந்தால் இன்றைக்கே எடுத்து மண்ணைச் சுரண்டி, ஆல்கஹால் அடித்துக் காயவையுங்கள். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். அடுத்த முறை போகும்போது ஒரு பழைய பிரஷ்ஷையும் ஸ்ப்ரே பாட்டிலையும் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; எல்லாப் பாதை வாசலிலும் வைத்திருக்க மாட்டார்கள்.

அன்புடன்.