வாங்குவோர் கேள்வி-பதில்: ரவுட்டருக்குள் நீளும் வரிசை

கே: 100 எம்பிபிஎஸ் பிளான். டவுன்லோடில் நொடிக்கு 12 எம்பிதான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

ப: இல்லை. அது மெகாபிட், இது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். எட்டால் வகுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே வகுத்திருக்கலாம்.

கே: பெரிய ஃபைல் இறக்கும்போது வேகம் ஏறுகிறது, சட்டென்று விழுகிறது, மறுபடி ஏறுகிறது. லைன் பழுதா?

ப: பழுதில்லை. இணையத்தில் தரவைப் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாக அனுப்பும் விதிமுறைக்கு டிசிபி என்று பெயர். அதன் சுபாவமே அதுதான். வழியில் எவ்வளவு இடம் இருக்கிறதென்று அதற்கு யாரும் சொல்வதில்லை. கொஞ்சம் அனுப்பும், 'வந்து சேர்ந்தது' என்று பதில் வர வர இரட்டிப்பாக்கும். பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று பின்வாங்கும். இந்தப் பணிவு இல்லாத 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் 400 கெஜம் தள்ளியிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட் ஓடிய இடத்தில் 40 பிட்தான் ஓடியது. அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் இந்தப் பணிவை டிசிபிக்குக் கற்றுக்கொடுத்த பிறகே இணையம் மூச்சுவிட்டது. அதை விளக்கும் கட்டுரையை அவர் 1988-இல் வெளியிட்டார்.

கே: வீட்டில் யாராவது வீடியோ அப்லோடு செய்தால் நெட்டில் நான் பேசும் அழைப்பு உறைந்துபோகிறது. பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறார் விற்பனையாளர்.

ப: மாறாதீர்கள். பாக்கெட் தொலைந்தால்தானே டிசிபி வேகத்தைக் குறைக்கும்? ஒன்றுகூடத் தொலையக் கூடாதென்று ரவுட்டரில் மெமரியை வாரிக் கொட்டியிருக்கிறார்கள். வரிசை நீள்கிறது, அனுப்புகிறவனுக்குச் சேதியே போவதில்லை, உங்கள் குரல் வாலில் நிற்கிறது. இதற்குப் பெயர் பஃபர்புளோட். அட்டைப்பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஆன்டெனா படம் இருக்கும். எட்டு ஆன்டெனா, சிவப்பு விளக்கு என்று நானும் ஒன்று வாங்கினேன். அப்லோடு தொடங்கியதும், பாக்கெட் போய்வரும் நேரமான பிங் 20 மில்லிசெகண்டிலிருந்து 900 ஆனது. பரணில் கிடந்த பழைய ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றி, வரிசையை நீளவிடாத எஸ்க்யூஎம் வசதியைப் போட்டு, லைன் வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கடிவாளம் கட்டினேன். பிங் 30-ஐத் தாண்டவில்லை. வரிசையை அடக்கும் முறைகளான எஃப்க்யூ-கோடெல் அல்லது கேக் உண்டா என்று கடையில் கேளுங்கள். முழித்தால் வெளியே வந்துவிடுங்கள்.

கே: ஆன்டெனா கூடினால் நெரிசல் குறையுமா?

ப: குறையாது.

கே: 'நெட் வேகத்தை இரட்டிப்பாக்கும்' செயலிக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். பலனில்லை. பணமும் தர மறுக்கிறார்கள்.

ப: உங்கள்மேல் தப்பில்லை, சொன்னதை நம்பினீர்கள். வேகத்தைத் தீர்மானிப்பது அனுப்பும் பக்கம். டவுன்லோடில் அது எங்கோ இருக்கிற சர்வர். உங்கள் போனில் உள்ள செயலிக்கு அங்கே என்ன வேலை? முதலில் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்துங்கள். பிறகு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு ஆப் ஸ்டோரிலும், கார்டு தந்த வங்கியிலும் புகார் கொடுங்கள். விளம்பரத்தை அவர்கள் அழிப்பதற்குள் படம் எடுத்துவிடுங்கள்.