ஓடத் தொடங்கியவர் ஓட்டத்தை ரசிக்கப் பழகுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஓடத் தொடங்கிச் சில வாரங்கள் ஆகின்றன, ஐந்து நிமிடத்துக்குள் மூச்சு இரைக்கிறது, ஓடி முடித்தபின் 'அப்பாடா' என்ற நிம்மதி மட்டுமே மிஞ்சுகிறது. ஓடுவது ஆனந்தம் என்று மற்றவர்கள் சொல்வது பொய்யா, இல்லை என் உடல்வாகு அதற்கு ஏற்றதில்லையா? இதற்கிடையில் நண்பர்கள் 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள், நானும் கொடுக்கலாமா?

அவர்கள் சொல்வது பொய்யில்லை. உங்கள் உடல்வாகிலும் குறையில்லை. உங்கள் வேகம்தான் உங்களை வதைக்கிறது. பல ஆண்டுகளாக ஓடுகிறேன். புதிதாகத் தொடங்கும் நண்பர்களோடும் உறவினர்களோடும் சேர்ந்து ஓடியிருக்கிறேன். 'எனக்கு ஓட்டம் பிடிக்கவில்லை' என்று சொன்னவர்களில் பெரும்பாலோருக்குப் பிடிக்காமல் போனது மூச்சுத் திணறல்தான். ஓட்டம் என்றாலே திணறல் என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்.

இதற்கு உடலியல் காரணம் உண்டு. மெதுவாக இயங்கும்போது தசைகளுக்கு வேண்டிய ஆற்றலை ஆக்சிஜனைக் கொண்டே உடல் தயாரித்துக்கொள்கிறது. வேகம் கூடக் கூட அது மட்டும் போதாமல், சர்க்கரையை அவசரமாக உடைக்கும் வழியையும் சேர்த்துப் பயன்படுத்துகிறது. அப்போது அமிலத்தன்மை ஏறுகிறது. அதைச் சமன்செய்யும்போது கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக உண்டாகிறது. அதை வெளியேற்ற மூச்சு திடீரென்று வேகமெடுக்கிறது. இந்த எல்லைக்கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை பெரும்பாலோர் உற்சாகமாகவோ, குறைந்தபட்சம் இயல்பாகவோ உணர்கிறார்கள். அதைத் தாண்டியதும் ஏறக்குறைய எல்லோருக்குமே மனநிலை சரிகிறது. உடற்பயிற்சியின்போது மனம் என்ன உணர்கிறது என்பதையே நீண்ட காலமாக ஆராய்ந்துவரும் பண்டெலெய்மோன் எக்கெகாகிஸின் ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மன உறுதி குறைவு, சோம்பல் என்றெல்லாம் உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. கோட்டுக்கு மேலே போன எந்த உடலும் அப்படித்தான் முறையிடும்.

பயிற்சி இல்லாத உடலில் இந்தக் கோடு மிகவும் தாழ்வாக இருக்கிறது. விரைந்து நடப்பதற்குச் சற்று மேலேயே அது வந்துவிடலாம். நாமோ பள்ளிக்கூடத்தில் ஓடிய ஓட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு கால்களை நீட்டிப் போடுகிறோம். அந்த வயதில் ஓட்டம் என்றால் பந்தயம், முதலில் வருவது. யாரும் நமக்கு மெதுவாக ஓடக் கற்றுக்கொடுக்கவில்லை.

எவ்வளவு மெதுவாக? முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு. நான்கு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிற்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம். என் அக்காவுக்கு ஓட்டம் பிடித்துப்போனது இப்படித்தான். நாங்கள் சேர்ந்து ஓடும்போது அவள் குடும்பக் கதை ஒன்றைத் தொடங்குவாள். கதை தடுமாறும் இடத்தில் இருவரும் வேகத்தைக் குறைப்போம். கடிகாரமோ செயலியோ எங்களுக்குத் தேவைப்படவில்லை. தனியாக ஓடுகிறவர்கள் ஏதாவது ஒரு பாட்டின் இரண்டு வரியை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். அருகில் நடந்து செல்பவர் உங்களை முந்திவிடுவார்போல் இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். உலகத் தரத்தில் ஓடும் கென்ய வீரர்களே தங்கள் இலகுவான நாட்களில் நடையை ஒட்டிய வேகத்தில் தொடங்கி, உடல் சூடாகச் சூடாகத்தான் கூட்டுகிறார்கள்.

மெதுவாக ஓடியும் மூச்சு வாங்குகிறதா? நடங்கள். ஓட்டத்துக்கு நடுவே நடப்பதைத் தோல்வியாக நினைக்கிற மனப்பான்மையை முதல் வாரத்திலேயே கழற்றிப் போட்டுவிடுவது நல்லது. 1996ல் ஜாஷ் கிளார்க் என்பவர் உருவாக்கி, இன்று உலகெங்கும் புதியவர்கள் பின்பற்றுகிற ஒன்பது வாரத் திட்டம் ஒன்று இருக்கிறது. உட்கார்ந்தே பழகியவர்களை 5 கிலோமீட்டர் ஓட வைப்பது அதன் நோக்கம். அதன் முதல் வாரத்தைப் பாருங்கள்: ஐந்து நிமிட விறுவிறுப்பான நடை, அதன்பின் 60 நொடி மெல்லோட்டம், 90 நொடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம், இப்படி வாரத்துக்கு மூன்று நாள். அதாவது ஓடுவதைவிட நடப்பதே அதிகம். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் காலவே, ஓட்டமும் நடையும் கலந்த முறையை மாரத்தான் வரைக்கும் கொண்டுசென்றார். களைத்த பிறகு நடப்பதைவிட, களைக்கும் முன்பே நடந்துவிடுவது என்பதுதான் அதன் நுட்பம். புதியவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு யோசனை எனக்குத் தெரியாது.

மெதுவாக ஓடுவதன் வரலாற்றையும் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்த வரலாறு எனக்கு மிகவும் பிடிக்கும். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். 800 மீட்டர் ஓடுபவரைக்கூட வாரக்கணக்கில் நீண்ட தூரம் நிதானமாக ஓடவைத்து அடித்தளம் போட்டவர் அவர். அதே லிடியார்ட் 1960களின் தொடக்கத்தில், இதயக் கோளாறு கண்ட நடுத்தர வயதுக்காரர்களைச் சேர்த்து ஆக்லாந்தில் மெல்லோட்டக் குழு ஒன்றை ஊக்குவித்தார். மாரடைப்பு வந்தவர் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது.

1962ல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே போனார். வீரர்களை உருவாக்குபவர் என்பதால் தானும் உடல்தகுதி உள்ளவர் என்றே எண்ணியிருந்தார். அந்தக் குழுவோடு மலைப்பாதையில் ஓடியபோது ஐம்பது வயதைத் தாண்டியிருந்த அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. எழுபது வயதைக் கடந்த, மாரடைப்பிலிருந்து மீண்ட ஒரு முதியவர் பின்தங்கி வந்து, பேசிக்கொண்டே அவரை அழைத்துச் சென்றார். ஊர் திரும்பிய பவர்மன் பொதுமக்களுக்கு மெல்லோட்ட வகுப்பு தொடங்கினார்; 1967ல் ஓர் இதய மருத்துவரோடு சேர்ந்து அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அமெரிக்காவில் சாதாரண மக்கள் தெருவில் ஓடத் தொடங்கியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆக, பொழுதுபோக்காக ஓடும் நம் எல்லோருக்கும் முன்னோடிகள் அந்த நிதானமான முதியவர்கள்தாம். அவர்கள் பேசிக்கொண்டே ஓடினார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

மெதுவாக ஓடினால் முன்னேற்றம் வருமா என்ற சந்தேகம் எழும். வரும். முதல் ஓரிரு வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிக இரத்தத்தைத் தள்ளத் தொடங்குகிறது. அடுத்தடுத்த வாரங்களில் தசைகளுக்குள் மெல்லிய இரத்தக்குழாய்கள் கூடுகின்றன. ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகின்றன. மைட்டோகாண்ட்ரியா பெருகுவதை உடலியல் ஆய்வாளர் ஜான் ஹோலோசி 1967ல் எலிகளை ஓடவைத்து நிறுவினார். இவற்றின் விளைவாக, நான் மேலே சொன்ன அந்தக் கோடு உயர்கிறது. இன்று உங்களைத் திணறவைக்கும் வேகம் சில மாதங்களில் பேசிக்கொண்டே ஓடும் வேகமாக மாறிவிடும்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனம். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாண்களும் அவ்வளவு சீக்கிரம் பழகாது, அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் 'இன்று எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடலாம்' என்று தோன்றும் ஒரு நாள் வரும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை ஒட்டி வரும் வலி பெரும்பாலும் அந்த நாளுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஆகவே ஓட்டத்துக்கு அடுத்த நாள் ஓய்வு அல்லது நடை. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தசையில் பரவலாக இருக்கும் வலி இரண்டு நாளில் போய்விடும். எலும்பில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இதய நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

முதல் பத்து நிமிடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓடத் தொடங்கியதும் தசைகள் கேட்கும் ஆக்சிஜன் உடனே வந்து சேர்வதில்லை; இதயமும் நுரையீரலும் ஈடுகட்டச் சில நிமிடங்கள் பிடிக்கும். அனுபவசாலிகளுக்கும் அந்த நேரம் கனமாகத்தான் இருக்கிறது, எனக்கு இன்றும் அப்படித்தான். புதியவர்கள் பலரும் இந்தக் கனத்தை மட்டுமே அனுபவித்துவிட்டு, அதற்குப் பின்னால் வரும் இலகுவான பகுதியை எட்டாமலே வீடு திரும்புகிறார்கள். ஐந்து நிமிடத்தில் நின்றுபோகும் உங்கள் ஓட்டமும் அப்படித்தான். ஐந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு ஓடத் தொடங்குங்கள். வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

ஓடினால் எண்டார்பின் என்ற, உடலே தயாரிக்கும் வலி தணிக்கும் பொருள் சுரந்து பரவசம் வரும் என்று படித்திருப்பீர்கள். ஆனால் இரத்தத்தில் ஓடும் எண்டார்பின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. உடல் தானே தயாரிக்கும் கஞ்சா போன்ற பொருள்கள் உண்டு. ஆனந்தமைடு என்பது அவற்றில் ஒன்று. அவையே ஓட்டத்துக்குப் பின் வரும் அமைதிக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2015ல் எலிகளில் செய்த சோதனை சுட்டியது. எதுவாக இருந்தாலும், அந்தப் பரவசத்துக்காகக் காத்திருந்து ஓடாதீர்கள். எனக்கு அது அரிதாகவே வருகிறது. நான் ஓடுவதற்குக் காரணம் வேறு. அரைமணி நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கால்களின் தாளம் ஒரு சீராக அமைந்தபின் மனத்தில் முட்டி மோதிக்கொண்டிருந்த யோசனைகள் தாமாக வரிசைக்கு வருகின்றன. பாதி ஓட்டத்துக்குப் பிறகு உள்ளங்கைகள் வெதுவெதுப்பாகும், தோள்கள் இறங்கும், அந்த நிலை எனக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது. கோட்டுக்குக் கீழே ஓடினால்தான் இதையெல்லாம் கவனிக்கவே முடியும். திணறும்போது திணறலைத் தவிர வேறு எதுவும் புலப்படாது.

இன்னொரு பழக்கமும் உதவும்: முடிவை இனிதாக்குங்கள். ஓர் அனுபவத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்வது பெரும்பாலும் அதன் உச்சத்தையும் முடிவையும் கொண்டுதான் என்பது உளவியலாளர் டேனியல் கானமன் சொன்ன கருத்து. உடற்பயிற்சியிலும் இதைச் சோதித்தார்கள். கடினமாகத் தொடங்கிப் படிப்படியாக இலகுவாக முடித்தவர்களுக்கு, அதற்கு நேர்மாறாகச் செய்தவர்களைவிட அந்தப் பயிற்சி இனிமையானதாக நினைவில் நின்றது. கடைசி நூறு மீட்டரைப் பாய்ந்து ஓடி, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு முடிப்பதுதான் நம் வழக்கம்; அந்தக் காட்சிதான் அடுத்த நாள் காலை படுக்கையில் நினைவுக்கு வருகிறது. இன்னும் இரண்டு நிமிடம் ஓட ஆசையாக இருக்கும்போதே நிறுத்தி, மெல்ல நடந்து முடியுங்கள்.

தூரத்தை அளக்காமல் நேரத்தை மட்டும் அளந்தால் அவசரம் குறையும். வேகத்தைக் காட்டும் திரையை முதல் சில மாதங்களுக்கு மூடி வையுங்கள். இசை கேட்பது உங்கள் விருப்பம். ஆனால் துள்ளலான பாட்டு காலை இழுத்துக்கொண்டு போய்விடும், மூச்சின் சத்தமும் காதில் விழாது. காலணியில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கடையிலேயே போட்டு நடந்து, உறுத்தாததாகப் பார்த்து எடுத்துக்கொண்டால் போதும். விலாவில் பிடித்துக்கொண்டால் நடங்கள், ஆழமாக மூச்சு விடுங்கள், போய்விடும்.

10 கிலோமீட்டர் விஷயம். இரண்டு மூன்று மாத அவகாசம் இருந்து, அதற்குள் 30 நிமிடம் ஓட்டமும் நடையுமாகத் திணறாமல் போக முடிகிறது என்றால் தாராளமாகப் பெயர் கொடுங்கள். அதைவிடக் குறைவான அவகாசம் என்றால், அதே நிகழ்ச்சியில் 5 கிலோமீட்டர் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். அன்று தொடக்கக் கோட்டில் கடைசியில் நில்லுங்கள். சுற்றிலும் எல்லோரும் பாய்வார்கள், உங்கள் கால்களும் பாயத் துடிக்கும். முதல் இரண்டு கிலோமீட்டரைப் பேசிக்கொண்டே போங்கள். நண்பர்கள் முன்னே போனால் போகட்டும். கடைசி வரிசையில் உங்கள் வேகத்தில் வருகிற யாராவது கட்டாயம் இருப்பார்கள், அவரோடு பேச்சுக் கொடுங்கள்.