வாசிக்காமல் வைத்த கையெழுத்து

கேள்வி: என் மகள் 9ஆம் தரம். பொலிஸில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அமெரிக்காவில் என் தம்பியின் மகள் பள்ளிக்கூடத்திலேயே அதற்கென்று பாடம் படிக்கிறாளாம். இங்கே 10ஆம் தரத்துக்கு எந்தப் பாடங்கள் எடுக்க வேண்டும்? சிங்களம் எடுத்தால் ‘ஏ’ வராது என்று வணிகக் கல்வி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு ரியூட்டரியில் பொலிஸ் ஆயத்த வகுப்புக்கு ஆறு மாதக் காசை முன்கூட்டியே கேட்கிறார்கள். பெண் பிள்ளைக்கு இந்த வேலை சரிவராது என்கிறார் கணவர். அவர் கடற்றொழில், எல்லாம் என் தலையில்தான். போன வருஷம் மோட்டார் சைக்கிள் களவு போனபோதும் நான்தான் ஸ்டேசனுக்குப் போய், அவர்கள் சிங்களத்தில் எழுதியதில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன்.
— ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: கணவர் கரையில் இல்லாத கஷ்டத்தைச் சொல்லத்தான் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதினீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள், சகோதரி. வண்டி எங்கே நின்றது, எத்தனை மணிக்குக் காணவில்லை, யாரில் சந்தேகம் என்று அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாது. நாளைக்கு வழக்கென்று வந்தால் அதுதான் நீங்கள் சொன்னதாக நிற்கும்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது. வாய்மொழியாகச் சொல்லும் முறைப்பாட்டை, சொன்னவர் பேசிய மொழியிலேயே எழுதி அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத இயலாவிட்டால் முறைப்பாட்டாளரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவராலும் எழுத முடியாதென்றால்தான் அதிகாரி காரணத்தைக் குறித்துவிட்டு வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் அதை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். எனக்கு இவ்வளவு வடிவாகக் கடிதம் எழுதிய உங்களுக்கு, அன்றைக்கும் ஒரு தாளும் பேனையும் கேட்டு வாங்கித் தமிழில் எழுதிக் கொடுத்திருக்க முடியும்.

அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பிள்ளை இருந்திருந்தால் உங்களுக்கு இது நடந்திருக்காது. அப்படி இருக்க ஆசைப்படும் பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். அவளிடம் போய், ஒரு ‘ஏ’க்காகச் சிங்களத்தை விடச் சொல்கிறீர்கள். இது தாய் செய்கிற வேலையா? பொலிஸ் சேவையில் நாடு முழுவதும் இடமாற்றம் உண்டு. சிங்களத்தில் ஒரு வாக்குமூலம் எழுதத் தெரியாத அதிகாரி, வேலை கிடைத்த பிறகும் இன்னொருவர் எழுதித் தருவதில் கையெழுத்து வைத்துக்கொண்டுதான் இருப்பார்.

இலங்கைப் பாடசாலையில் பொலிஸ் என்றொரு பாடம் கிடையாது. அமெரிக்காவில் சில உயர்நிலைப் பள்ளிகளில் குற்றவியல் நீதியைத் தெரிவுப் பாடமாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து ஏங்க வேண்டாம். 10ஆம் தரத்தில் கட்டாயப் பாடங்களோடு மூன்று தொகுதிகளில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாடம் எடுக்க வேண்டும். முதல் தொகுதியில் இரண்டாம் மொழி சிங்களம், மூன்றாம் தொகுதியில் சுகாதாரமும் உடற்கல்வியும். இரண்டாவதில் சங்கீதமோ சித்திரமோ அவள் விருப்பம். குடியியற் கல்வியும் சிங்களத்தோடு முதல் தொகுதியில்தான் வருகிறது, ஒன்றைத்தான் எடுக்கலாம். அந்தப் புத்தகத்தை வாங்கி வீட்டில் வாசிக்கட்டும். தமிழிலும் கணிதத்திலும் வெறும் சித்தியோடு நின்றுவிடக் கூடாது. கான்ஸ்டபிளுக்குச் சாதாரண தரம், உப பொலிஸ் பரிசோதகருக்கு உயர்தரம், உதவி பொலிஸ் அத்தியட்சகருக்குப் பட்டம் என்றுதான் படிகள் இருக்கின்றன. உயர்தரத்தில் எந்தப் பிரிவென்று இப்போதே மண்டையை உடைக்காதீர்கள். மூன்று பாடமும் சித்தியடையக்கூடிய பிரிவுதான் அவளுக்கு நல்ல பிரிவு.

ரியூட்டரிக்கு ஒரு சதமும் கட்ட வேண்டாம். 14 வயதுப் பிள்ளைக்கு ஆட்சேர்ப்புப் பரீட்சை வகுப்பு எதற்கு? தகைமை, வயது, உயரம் எல்லாம் வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வர்த்தமானியில், ஒவ்வொரு ஆட்சேர்ப்பு அறிவித்தலிலும் தமிழிலேயே இருக்கும். அந்தக் காசில் நல்ல சிங்கள ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். கிழமைக்கு ஒரு முறைப்பாடு எழுதப் பழகட்டும்: திகதி, நேரம், இடம், வண்டி இலக்கம், செஸி இலக்கம், நிறம், கடைசியாகப் பார்த்தவர். முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில். “சிவப்பு வண்டி, பின்னேரம் காணாமல் போனது” என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். பின்னேரம் எத்தனை மணி என்று கேளுங்கள். சின்ன வயதில் பழகாத இந்த நுணுக்கம் சீருடை போட்ட பிறகு வராது.

பாடசாலையில் மாணவர் படையணி இருந்தால் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிழமைக்கு மூன்று நாள், 25 நிமிடம் போதும். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாறி மாறி. இரண்டு கிழமைக்கொரு தடவை ஓட்டத்தில் ஒரு நிமிடத்தைக் கூட்டலாம். உப்புவெளிக் கரையில் காய்ந்த மணலில் ஓடினால் குதிகால் நரம்பு இழுக்கும். ஈர மணல் கடல் பக்கம் சரிந்திருப்பதால், ஒரு பக்கமாகவே ஓடினால் ஒரு முழங்காலுக்குத்தான் பாரம் முழுவதும். போன தூரத்தைத் திரும்பியும் ஓட வேண்டும். வெப்பமான கச்சான் காற்று வீசும் காலத்தில் காலை 6.30க்குள் முடித்துவிட வேண்டும்.

கணவர் கரைக்கு வந்ததும் இதைச் சொல்லுங்கள். ஒரு பெண்ணைச் சோதனையிட வேண்டுமென்றால் இன்னொரு பெண்தான் செய்ய வேண்டும் என்கிறது நமது சட்டம். அடி வாங்கிக்கொண்டு ஸ்டேசனுக்கு வருகிற பெண், நடந்ததைத் தமிழில் சொல்ல ஒரு பெண்ணைத்தான் தேடுவாள். எல்லாத் தகப்பனும் தன் மகளுக்குச் சரிவராது என்று தடுத்தால் அந்தக் கதிரையில் யார் இருப்பது? ஊரார் பிள்ளை வந்து இருக்கட்டும் என்று நினைப்பது நியாயமில்லை. அவளை அதிகாலையில் ஓடக் கூட்டிப்போவது அவர் பொறுப்பு, கடலுக்குப் போகாத நாட்களிலாவது.

இன்னொன்று. பிறப்புச் சான்றிதழில் பெயரும் முதலெழுத்தும் எப்படி இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். பிறகு அடையாள அட்டைக்கும் சாதாரண தரத்துக்கும் விண்ணப்பிக்கும்போது மூன்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தமிழில் பதிந்த பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதமாக எழுதிவிடுவார்கள். நேர்முகப் பரீட்சையில் இதனால் சத்தியக்கடதாசிக்கு அலைபவர்கள் பலர். வித்தியாசம் இருந்தால், விண்ணப்பம் பாடசாலையை விட்டுப் போவதற்கு முன் அதிபரிடம் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.