ஐபேடுக்கு முன்னால் டேப்லெட்டே கிடையாதா?

கேள்வி: ஐபேட் வருவதற்கு வெகுகாலம் முன்பே டேப்லெட் கணினிகள் இருந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா? இருந்தால் ஏன் யாரும் வாங்கவில்லை?

உண்மைதான். ஐபேட் விற்பனைக்கு வந்தது 2010 ஏப்ரலில். அதற்கு 20 வருடம் முன்பே காசு கொடுத்து வாங்கக்கூடிய டேப்லெட் இருந்தது. வெறும் யோசனை என்று பார்த்தால் இன்னும் பழசு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆலன் கே, 1972-இல் 'டைனாபுக்' என்ற கருவியை விவரித்துக் கட்டுரை எழுதினார். நோட்டுப் புத்தக அளவில், குழந்தைகள் கையோடு எடுத்துப் போய்ப் படிக்கவும் வரையவும் நிரல் எழுதவும் ஒரு கணினி. அன்றைக்கு அதைச் செய்வதற்கான திரையும் இல்லை, சிப்பும் இல்லை.

நிஜமாகவே விற்பனைக்கு வந்ததில் முக்கியமானது 1989-இன் கிரிட்பேட். எம்.எஸ்.டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடியது, கருப்பு வெள்ளைத் திரை, எடை சுமார் 2 கிலோ, விலை 2,000 டாலருக்கு மேல். நின்றுகொண்டே படிவம் நிரப்ப வேண்டிய வேலைகளுக்கு நிறுவனங்கள் இதை வாங்கின. ஆகவே 'யாரும் வாங்கவில்லை' என்பது முழுக்கச் சரியில்லை. வீட்டுக்கு யாரும் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் எடுபடவில்லை என்று கேட்டால் எடை, விலை, பேட்டரி என்று பட்டியல் போடுவார்கள். எல்லாம் சரி. ஆனால் என் கணிப்பில் பெரிய காரணம் பேனா. அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் எல்லோரும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்கினார்கள்: விசைப்பலகையை எடுத்துவிட்டால் மனிதன் கையால் எழுதுவான், கணினி அதைப் படித்துக்கொள்ளும்.

படிக்கவில்லை. ஆப்பிள் 1993-இல் பேனாவால் எழுதும் கையடக்கக் கருவியான நியூட்டன் மெசேஜ்பேடை வெளியிட்டபோது, அது கையெழுத்தைத் தப்புத் தப்பாகப் புரிந்துகொண்டது ஊர் சிரிக்கும் விஷயமாகி, செய்தித்தாள் கார்ட்டூன் வரை போய்விட்டது. 1996-இல் வந்த பதிப்பு நன்றாகவே படித்தது, ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான். ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளுக்குத் திரும்பிய பிறகு, 1998-இல் அதை இழுத்து மூடினார். (நியூட்டனுக்கு மின்சாரம் அதிகம் குடிக்காத சிப் வேண்டும் என்பதால்தான் ஆப்பிள் 1990-இல் சிப் வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனத்தைத் தொடங்குவதில் பங்கெடுத்தது. முதல் ஐபேடுக்குள் இருந்ததும் ஆர்ம் வகைச் சிப்தான்.)

இதில் சாமர்த்தியசாலி கிரிட்பேடை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ். 1996-இல் அவருடைய பாம் பைலட் என்ற குட்டிக் கையடக்கக் கருவி வந்தபோது, கணினிக்கு நம் எழுத்தைக் கற்றுக்கொடுக்காமல், கணினிக்குச் சுலபமான ஒரு எழுத்துமுறையை நமக்குக் கற்றுக்கொடுத்தார். சட்டைப்பைக்குள் அடங்குகிறதா என்று பார்க்க ஒரு மரக்கட்டையை வெட்டி வைத்துக்கொண்டு, குறிப்பு எடுப்பதுபோல் பாவனை செய்து திரிந்தாராம். பாம் பைலட் விற்றுத் தள்ளியது. ஆனால் அது டேப்லெட் இல்லை.

அப்புறம் மைக்ரோசாஃப்ட். ஐந்தே வருடத்தில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கணினி வகை டேப்லெட்டாகத்தான் இருக்கும் என்று பில் கேட்ஸ் 2001-இல் சொன்னார். அடுத்த வருடம் விண்டோஸ் எக்ஸ்பியின் டேப்லெட் பதிப்பு வந்தது. அலுவலகத்தில் கொடுத்த அந்த வகைக் கணினி ஒன்றை நான் கொஞ்சநாள் வைத்திருந்தேன். விரலால் தொட்டால் ஒன்றுமே நடக்காது. திரைக்குப் பின்னால் இருந்த உணர்தகடு, பேனாவுக்குள் இருந்த கம்பிச்சுருளை மட்டும்தான் கண்டுகொள்ளும். ஒரு சாளரத்தை மூட வேண்டுமென்றால், மௌஸுக்காகப் போட்ட அந்தக் குட்டிப் பெருக்கல் குறியைப் பேனா முனையால் குறிபார்த்துக் குத்த வேண்டும்; திரையின் ஓரத்துக்குப் போகப் போகப் பேனா ஓரிடத்திலும் சுட்டி இன்னோரிடத்திலும் நிற்கும். எழுதுவதற்குத் தனியாக ஒரு பெட்டி திறக்கும், அதில் எழுதி, அது படித்ததைச் சரிபார்த்து, பிறகு உள்ளே அனுப்ப வேண்டும். அதற்குள் தட்டச்சே செய்துவிடலாம். நான் அதைத்தான் செய்தேன், திரையைத் திருப்பினால் விசைப்பலகை இருந்தது.

ஆப்பிள் செய்தது, பேனாவைத் தூக்கி எறிந்ததுதான். விரல் பட்டதும் ஏற்படும் மின் மாற்றத்தை உணரும் திரைக்கு அழுத்தம் தேவையில்லை, ஒரே நேரத்தில் பல விரல்களையும் அது கணக்கில் எடுக்கும். பல விரல் தொடுகையில் வேலை செய்துகொண்டிருந்த ஃபிங்கர்வொர்க்ஸ் நிறுவனத்தை ஆப்பிள் 2005-இல் வாங்கியது. முதலில் யோசித்தது டேப்லெட்டைத்தான், அதன் மாதிரியைப் பார்த்த பிறகே அதைக் கிடப்பில் போட்டுவிட்டு ஃபோன் செய்யப் போனோம் என்று ஜாப்ஸே 2010-இல் சொன்னார். அது நல்லதாகப் போயிற்று. ஐபேட் வரும்போது விரலுக்கென்றே அளவெடுத்த பொத்தான்களோடு ஒரு இயங்குதளம் தயாராக இருந்தது, மூன்று வருடமாக ஐஃபோனில் பழகிய மக்களும் இருந்தார்கள். 499 டாலர், 680 கிராம், கேமராகூடக் கிடையாது. 28 நாளில் 10 லட்சம் விற்றது.

அதன்பின் எல்லோரும் ஓடி வந்தார்கள். 2011-இல் பிளாக்பெர்ரியின் பிளேபுக்கில் மின்னஞ்சல் செயலியே இல்லை (மின்னஞ்சலுக்கே பேர்போன பிளாக்பெர்ரியில்!). ஹெச்பி டச்பேடை 49 நாளில் கைவிட்டு, 99 டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். அமேசானோ 199 டாலர் கிண்டில் ஃபயரோடு வந்து, புத்தகமும் படமும் விற்கும் வழியாக அதைப் பார்த்ததால் பிழைத்தது.

2015-இல் ஐபேட் ப்ரோவோடு ஆப்பிளே 'பென்சில்' என்ற பெயரில் திரையில் எழுதும் பேனா விற்க ஆரம்பித்ததை நிறையப் பேர் கிண்டலடித்தார்கள். எனக்கு அது முரணாகத் தெரியவில்லை. கணினியை இயக்க இப்போது பேனா கட்டாயமில்லை, வரைய வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளலாம். 2020-லிருந்து அந்தப் பென்சிலால் எழுதுவதை ஐபேட் தட்டச்சு எழுத்தாக மாற்றியும் தருகிறது, நியூட்டன் சொதப்பிய அதே வேலை. நன்றாகவே செய்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்து பென்சில் வைத்திருப்பவர்களில் பலர் அந்த வசதியைத் தொடுவதே இல்லை. எழுதியதை எழுதியபடியே கிறுக்கலாகச் சேமித்துக்கொள்கிறார்கள்.