மெயில் செயலியும் சான்றிதழ் ஓட்டையும்: கேள்வி பதில்

கேள்வி: என் மெயில் செயலி, சர்வர் காட்டும் டிஜிட்டல் அடையாள அட்டையான சான்றிதழைச் சரியாகப் பார்ப்பதில்லையாம். மறையாக்கம்தான் (என்கிரிப்ஷன்) இருக்கிறதே, அப்புறம் என்ன பயம்?

பதில்: யாரோடு மறையாக்கம் என்பதுதான் சிக்கல். சான்றிதழில் கையெழுத்திட்டவர் நம்பகமானவரா, அது காலாவதி ஆகிவிட்டதா, அதிலுள்ள பெயர் நாம் இணையக் கேட்ட சர்வரின் பெயர்தானா என்று செயலி பார்க்க வேண்டும். கடைசி வேலையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். விட்டால், தன் சொந்த டொமைனுக்கு முறையாக வாங்கிய சான்றிதழோடு ஒருவன் பொது வைஃபையில் உங்களுக்கும் சர்வருக்கும் நடுவே உட்காரலாம். பாஸ்வேர்டு பத்திரமாக மறையாக்கப்பட்டு அவன் கைக்கே போய்ச் சேரும்.

கேள்வி: பெயரைப் பார்த்தும் ஏமாந்த செயலிகள் உண்டா?

பதில்: உண்டு, அருமையான கதை. 2009 பிளாக் ஹாட் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் வெளிவந்தது. சான்றிதழ் கேட்கும்போது பிறருடைய சர்வர் பெயர், அடுத்து ஒரு பூஜ்ய பைட் (மதிப்பு பூஜ்யமான ஓர் எழுத்து), அதன்பின் தன் டொமைன் என்று எழுத வேண்டியது. சான்றிதழ் தருபவர் வாலைப் பார்த்து, 'இவர் டொமைன்தானே' என்று கொடுத்துவிடுவார். சி என்ற நிரல்மொழியிலோ பூஜ்ய பைட் வந்தால் எழுத்துச்சரம் முடிந்தது. செயலி தலையை மட்டும் படித்துவிட்டுச் சரி என்றது. தண்டர்பேர்டு என்ற மெயில் செயலியும் அப்போது இதில் மாட்டியது.

கேள்வி: பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா?

பதில்: முதலில் அப்டேட். இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

கேள்வி: மறையாக்கத்தோடு மெயில் எடுக்கும் 993 போர்ட்தான் வைத்திருக்கிறேன். பாதுகாப்புதானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சொந்த சர்வர், நானே கையெழுத்திட்ட சான்றிதழ். சரிபார்ப்பை நிறுத்திவிட்டேன். தப்பா?

பதில்: கையெழுத்து தப்பில்லை, நிறுத்தியதுதான் தப்பு. அந்தச் சான்றிதழைச் செயலியின் நம்பகப் பட்டியலில் ஒருமுறை சேர்த்தால் வேலை முடிந்தது.

அவரே: வீட்டு நெட்வொர்க்கில் யார் வரப்போகிறார்கள்?

பதில்: லேப்டாப் வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லையா? செட்டிங் அதோடு கூடவே போகும்.

அவரே: செயலி இல்லை சார், பைத்தான் ஸ்கிரிப்ட்தான்.

பதில்: அதை முதலிலேயே சொல்லக்கூடாதா! அப்படியென்றால் நீங்கள் நிறுத்தவே வேண்டியதில்லை. பைத்தானில் மெயில் அனுப்பும் எஸ்எம்டிபிலிப், மெயில் எடுக்கும் ஐமேப்லிப் ஆகிய இரண்டு நூலகங்களும், நாமாக எஸ்எஸ்எல் கான்டெக்ஸ்ட் (மறையாக்க இணைப்புக்கான அமைப்புகளின் தொகுப்பு) தராவிட்டால் சான்றிதழைச் சரிபார்ப்பதே இல்லை. டிஃபால்ட் கான்டெக்ஸ்ட் ஒன்றை உருவாக்கி, உங்கள் சான்றிதழை அதில் ஏற்றிக் கொடுங்கள்.

கேள்வி: பூட்டுப் படம் தெரிகிறதே, அது போதாதா?

பதில்: மறுபடியுமா? முதல் பதில்.

கேள்வி: என் செயலி ஒழுங்காகப் பார்க்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: இப்படியல்லவா கேட்க வேண்டும்! உங்கள் கணினியில் எந்தப் பெயருக்கு எந்த ஐபி முகவரி என்று எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு கற்பனைப் பெயரை உங்கள் மெயில் சர்வரின் ஐபி முகவரிக்குத் திருப்புங்கள். செயலியில் சர்வர் பெயராக அதையே கொடுத்து, சோதனைக் கணக்கு ஒன்றில் நுழையுங்கள். எச்சரிக்கை வந்தால் நல்லது. சத்தமில்லாமல் இன்பாக்ஸ் திறந்தால் அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள்.