அரபியில் ‘எழுத’ எங்கே?

கேள்வி: அரபு அகராதியில் ‘எழுத’ என்பதைத் தேடினால் ‘கதப’ என்று இருக்கிறது. அதற்கு ‘அவன் எழுதினான்’ என்றல்லவா பொருள்? அப்படியானால் ‘எழுத விரும்புகிறேன்’ என்று எப்படிச் சொல்வது?
– வாசகி, கிண்ணியா

பதில்: எழுத, போக, வர என்று ஆளையும் காலத்தையும் காட்டாமல் நிற்கும் செயவென் எச்சம் நமக்கு உண்டு, அரபிக்கு இல்லை. முன்னொட்டு எதுவும் ஒட்டாமல் மூன்று வேரெழுத்தும் பளிச்சென்று தெரிவது ‘கதப’வில்தான். அதனால் அது தலைச்சொல்லாயிற்று. சென்னைப் பல்கலைக்கழக அகராதியில் ‘எழுது-தல்’ என்று கிடக்கிறதே, அதற்காக யாராவது ‘எழுதுதல் வேணும்’ என்கிறோமா?

நீங்கள் கேட்ட வாக்கியம்: உரீது அன் அக்துப. ‘அன்’ இரண்டு வினைகளையும் கோக்கும் சொல். ‘நான்’ இரண்டிலும் இருக்கிறது. நாங்கள் என்றால் இரண்டுமே மாறும்: நுரீது அன் நக்துப.

தமிழர் சறுக்கும் இடம் இதுதான். சிலர் ‘அன்’னை விட்டுவிடுவார்கள். அதைப் போட்டவர்களும் ஈற்றில் தவறுவார்கள். தனியே நின்றால் அக்துபு. ‘அன்’னுக்குப் பின் அக்துப. ‘அவர்கள்’ என்றால் இன்னும் கவனம் வேண்டும்: யுரீதூன அன் யக்துபூ. இரண்டாம் வினையில் ‘ன’ விழுந்துவிட்டது. முதல் வினைக்கு முன் ‘அன்’ இல்லாததால் அங்கே ‘ன’ அப்படியே இருக்கிறது.

‘அவரை வரச் சொன்னேன்’ என்பதற்குத் தலப்து மின்ஹு அன் யஃதிய. வரப்போவது யார் என்பதை வினையே சொல்லிவிடும். நம் ‘வரச் சொன்னார்’ தனியே நின்றால் யாரை என்று கேட்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வழி மஸ்தர், அதாவது தொழிற்பெயர்: உரீதுல் கிதாபத. ஆனால் சாதாரண மூன்றெழுத்து வினைகளுக்கு அதில் ஒரே வாய்பாடு கிடையாது. எழுதுதல் கிதாபா, போதல் தஹாப், குடித்தல் ஷுர்ப். வினையோடு சேர்த்தே மனனம் பண்ண வேண்டும். நடு எழுத்து இரட்டித்தால் பெரும்பாலும் நிம்மதி: தர்ரஸ – தத்ரீஸ், அல்லம – தஃலீம்.

இது அரபிக்கு மட்டும் உரியதல்ல. பழைய கிரேக்கத்தில் ‘எழுத’ என்பதற்கு ‘க்ராஃபெய்ன்’ இருந்தது. பிற்காலத்தில் அது தேய்ந்துபோய், இன்று ‘தேலோ ந க்ராப்சோ’ என்கிறார்கள். ‘ந’தான் அங்கே ‘அன்’. பல்கேரியரும் அப்படியே: இஸ்கம் ட பிஷா.

கேள்வி: சிங்களத்திலும் இந்தத் தொல்லை உண்டா?
– வாசகர், உவர்மலை

பதில்: இல்லை. ‘மட்ட யன்ன ஓனே’ என்பதைச் சொல்லுக்குச் சொல் ‘எனக்குப் போக வேணும்’ என்று மாற்றலாம். ‘அபிட்ட’ என்று எங்களுக்காகச் சொன்னாலும் ‘யன்ன’ அசையாது.