இரவு வானொலியும் ஃபிரித்தின் கிதாரும்

வணக்கம் சார்,

ஆங்கிலேய கிதார் கலைஞர் ஃபிரெட் ஃபிரித் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய 'கிதார் சோலோஸ்' இசைத்தட்டைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். நானும் கிதார் வாசிப்பவன்தான், கல்யாணக் கச்சேரிகளில். பாதிக்கு மேல் கேட்க முடியவில்லை. கம்பியைச் சுரண்டுவதும் தகரத்தை உரசுவதும்தான் காதில் விழுந்தன. ஜான் பீல் என்ற பிபிசி வானொலி டிஜே தூக்கிவிட்டதால்தான் இவர்களுக்கெல்லாம் பெயர் வந்தது என்கிறார் என் நண்பர். அதே பீல் ஒருமுறை ராபர்ட் ஃபிரிப் என்ற இன்னொரு கிதார் கலைஞரின் இசையைத் தலைகீழாக ஓடவிட்டும் கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லையாமே? ஒருவருக்குப் பிடித்துப்போய் ஒலிபரப்பிவிட்டால் அது நல்ல இசை ஆகிவிடுமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

ஆகாது. யார் ஒலிபரப்பினாலும் ஆகாது. ஆனால் பீல் ஃபிரித்துக்குக் கொடுத்தது வேலை. பெயர் மெல்லத்தான் வந்தது, அதுவும் வேறு வழிகளில். உங்கள் நண்பர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

முதலில் அந்தத் தலைகீழ் விவகாரத்தை முடித்துவிடுகிறேன். நடந்தது உண்மைதான். 1973 டிசம்பரில் ஃபிரிப்பும் பிரையன் ஈனோ என்ற இசைக்கலைஞரும் சேர்ந்து செய்த இசைத்தட்டைப் பீல் ஒலிநாடாவிலிருந்து ஒலிபரப்பினார். நாடா கடைசி முனை வெளியே இருக்கும்படி சுற்றப்பட்டிருந்தது, அப்படியே மாட்டிவிட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஈனோ நிலையத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். இசை போலி என்பதற்கு இதைச் சாட்சியாகச் சொல்பவர்கள், அது எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பார்ப்பதில்லை. இரண்டு ரெவாக்ஸ் நாடா ரெக்கார்டர்கள். முதலாவதில் பதிவாகும் கிதார் ஒலி, நாடாவோடு இரண்டாவதற்குப் போய் சில விநாடி கழித்து ஒலிக்கும். அந்த ஒலி மறுபடி முதலாவதற்கே திரும்பி, புதிதாக வாசிப்பதோடு சேர்ந்து பதிவாகும். இப்படி அடுக்கடுக்காக ஏறும்போது எந்தச் சுரம் எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியாது. தம்புரா சுருதியைத் தலைகீழாக ஓடவிட்டால் நம்மில் எத்தனை பேர் உடனே சொல்லிவிடுவோம்? செய்தவருக்குத் தெரிந்தது. 2008 மறுவெளியீட்டில் அந்தத் தலைகீழ் வடிவத்தையும் சேர்த்தே வெளியிட்டார்கள்.

சரி, ஃபிரித்துக்கு வருவோம். 1949-ல் பிறந்தவர், ஐந்து வயதிலேயே வயலின் கற்றவர். 1968-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது டிம் ஹாட்ஜ்கின்சனோடு சேர்ந்து ஹென்றி கௌ என்ற குழுவைத் தொடங்கினார். முதல் சில ஆண்டுகள் அவர்களை எந்த நிறுவனமும் கண்டுகொள்ளவில்லை. 1971-ல் பீல் தன் நிகழ்ச்சிக்காக நடத்திய ஒரு போட்டியில் குழு வென்றது. பரிசு, பிபிசியில் ஒரு செஷன்.

இந்த செஷன் என்பதன் பின்னணியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு பிபிசி தன் இஷ்டத்துக்கு இசைத்தட்டு போட முடியாது. ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் தட்டு ஓடலாம் என்று வரம்பு இருந்தது. 'நீடில் டைம்' என்பார்கள். தட்டையே ஓட்டிக்கொண்டிருந்தால் வாசிப்பவர்களின் பிழைப்பு என்னாவது என்று இசைக்கலைஞர் சங்கம் கவலைப்பட்டது. தட்டு நிறுவனங்களுக்கும் வானொலி தங்கள் விற்பனையைக் கெடுத்துவிடும் என்ற பயம். மீதி நேரத்தை நிரப்ப பிபிசி கலைஞர்களைக் கூப்பிட்டு, காசு கொடுத்து, தன் ஸ்டுடியோவில் வாசிக்கவைத்தது. 1988 வரை இந்த வரம்பு இருந்தது. பெரும்பாலான நிகழ்ச்சிகள் அந்த நேரத்தைப் பிரபலமான பாடல்களைத் திரும்ப வாசிக்கவைத்தே நிரப்பின. பீல் அந்த இடத்தில் இசைத்தட்டே வெளியிடாத குழுக்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். எனக்கு அவர்மேல் இருக்கிற மதிப்பெல்லாம் இதனால்தான். சங்கம் போராடி வாங்கிய ஒரு விதியை, யாருக்கு அது உண்மையிலேயே தேவையோ அவர்களிடம் கொண்டுசேர்த்தார். அவர் நிகழ்ச்சிகளுக்காகப் பதிவான செஷன்கள் 4,000-க்கும் மேல்.

ஒரு நாள் ஸ்டுடியோ, தேர்ந்த ஒலிப்பதிவாளர், கையில் சம்பளம், அப்புறம் நாடு முழுக்கக் கேட்கும் ஒலிபரப்பு. பிழைப்புக்கே திண்டாடும் ஒரு சோதனை இசைக் குழுவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கச்சேரி வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1971 முதல் 1975 வரை ஹென்றி கௌ பீலுக்காக ஐந்து செஷன்கள் செய்தது. 1975 ஆகஸ்டில் வாசித்தது, அடுத்த ஆண்டு வந்த 'கான்சர்ட்ஸ்' என்ற தட்டின் முதல் பக்கமாகவே ஆனது. வானொலிக்காக வாசித்ததை அப்படியே தங்கள் தட்டில் வைக்க அவர்கள் தயங்கவில்லை. தரம் அப்படி.

இன்னொரு வழியிலும் பீலின் கை இதில் இருக்கிறது. 1973 மே மாதம் வர்ஜின் இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீடாக மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' வந்தது. பீல் அதை முழுக்க, இரண்டு பக்கத்தையும் ஒலிபரப்பினார். ஜூனில் லண்டன் குயின் எலிசபெத் அரங்கில் அது மேடையேறியபோது கிதார் வாசித்தவர்களில் ஃபிரித்தும் ஒருவர். அந்தத் தட்டின் விற்பனைதான் வர்ஜினைத் தூக்கி நிறுத்தியது. அதே ஆண்டு ஹென்றி கௌவும் வர்ஜினில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு வர்ஜினின் கிளையான கரோலைன் வெளியிட்டதுதான் நீங்கள் கேட்ட 'கிதார் சோலோஸ்'. நான்கு நாட்களில் பதிவானது.

அதற்கு மேல் பீலால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. 1976-க்குப் பிறகு அவர் காதெல்லாம் பங்க் என்ற முரட்டு ராக் இசைப் பக்கம் போய்விட்டது. 1978-ல் ஹென்றி கௌவும் கலைந்தது. வெறும் சிபாரிசில் வளர்ந்தவராக இருந்தால் ஃபிரித் அத்தோடு காணாமல் போயிருக்க வேண்டும். அவர் நியூயார்க் போனார், பில் லாஸ்வெல்லோடு மாசக்கர் குழுவைத் தொடங்கினார், ஜான் ஸோர்னின் நேக்கட் சிட்டி குழுவில் பேஸ் கிதார் வாசித்தார், படங்களுக்கு இசையமைத்தார், கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் பல ஆண்டுகள் இசை கற்பித்தார். அவரைப் பற்றிய 'ஸ்டெப் அக்ராஸ் த பார்டர்' ஆவணப்படம் 1990-ல் வந்தது.

இனி அந்தச் சுரண்டல் சத்தம். நீங்கள் வாசிப்பவர் என்பதால் இதைக் கிதாரைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள். ஏழாவது ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் இருக்கிற ஏழாவது கட்டையில், ஒரு கம்பியை அழுத்தி மீட்டினால் பாலத்துப் பக்கம், அதாவது உடல் பக்கம், இருக்கிற நீளம் ஒலிக்கிறது. அது நமக்குத் தெரிந்த சுரம். அழுத்திய விரலுக்கும் கழுத்தின் மேல்முனையில் கம்பியைத் தாங்குகிற நட்டுக்கும் நடுவில் இருக்கிற மிச்சக் கம்பியைச் சுண்டிப் பாருங்கள். அதிலும் ஒரு சுரம் இருக்கிறது, ரொம்பச் சன்னமாக. நாம் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஃபிரித் தன் பழைய கிப்சன் கிதாரில் நட்டின் மேல் இன்னொரு பிக்கப்பை, அதாவது கம்பியின் ஒலியை வாங்குகிற கருவியை, பொருத்தினார். அழுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் இரண்டு சுரங்கள் கிடைத்தன. ஒரு பிக்கப்பின் ஒலியை இடது பக்கமும் இன்னொன்றை வலது பக்கமும் அனுப்பினார். கம்பியில் முதலைக் கிளிப்புகளைக் கவ்வவிட்டு ஒரே கம்பியைப் பல துண்டாகப் பிரித்தார். நீங்கள் தகரம் என்று கேட்டது அந்தக் கிளிப்புகளாக இருக்கலாம்.

நீங்கள் செல்போன் ஸ்பீக்கரில் கேட்டீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதில் இடமும் வலமும் ஒன்றாகக் கலந்துவிடும், பாதி இசை அங்கேயே போய்விடும். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு 'நோ பேர்ட்ஸ்' என்பதை மட்டும் கேளுங்கள். 12 நிமிடத்துக்கு மேல் போகும். இரண்டு கிதார்களை அவர் ஒருவரே ஒரே நேரத்தில் வாசிக்கிறார், ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்து ஒட்டியது இல்லை. அப்போதும் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்பதையும் சேர்த்து.